இரண்டாவது சத்தம்

திருமதி கேர்பர் என் கோப்பிக்குள் இரண்டு சீனிக்கட்டி போட்டுவிட்டார். எனக்குச் சீனி வருத்தம் என்று சொல்ல வாயெடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன், குடித்துத் தொலைப்போம், நடிக்க வந்த வீட்டில் ஓர் உண்மையை ஏன் வீணாக்குவான். மேசையில் வெள்ளைப் படுக்கை விரிப்பு, அதன் மேல் மூன்று துவக்குகள், துவக்குகளுக்குப் பக்கத்தில் அப்பிள் கேக். இப்படி ஒரு மேசையை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. திருமதி கேர்பரின் புருசன் போன பனிக்காலத்தில் இறந்துபோனவர், நாற்பது வருசம் ஊர்ச் சுடுகழகத்தில் சுட்டவர், அவருடைய துவக்குகளை வீட்டில் வைத்திருக்க இந்த மனுசிக்கு விருப்பமில்லை, விற்கிறேன் என்று கழகத்தில் கடுதாசி ஒட்டியிருக்கிறார், அதைப் பார்த்துத்தான் என் மகன் அபிஷன் என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். மூன்றையும் நிலவறையிலிருந்து இந்த மனுசியே ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தார், எழுபத்தைந்து வயது இருக்கும், அபிஷன் உதவிக்கு எழும்ப வேண்டாம் என்றுவிட்டார். மூன்றும் ஒரே சாதி. அந்தக் காலத்தில் இந்த நாட்டுப் படைக்குக் கொடுத்த நீளத் துவக்கு, இப்போது ஒரு தடவை விசையை இழுத்தால் ஒரு வெடி மட்டும் வரும்படி மாற்றியிருக்கிறார்கள், அடுத்த குண்டை அது தானே ஏற்றிக்கொள்ளும். இதை நான் அபிஷனுக்குச் சொல்லவில்லை, அவன்தான் எனக்குச் சொன்னான், காரில் வரும்போது, பொறுமையாக, "அப்பா, அது மெஷின் கன் இல்லை, பயப்பிடாதேங்கோ, ஒண்டு ஒண்டாத்தான் சுடும்." அப்பிடியே, என்றேன் நான். இருபத்தேழு வருசமாக அப்பிடியே, அப்பிடியே என்று சொல்லிப் பழகிய வாய், அது தன்பாட்டில் சொல்லும்.

அவன் வாங்கோ என்று கூப்பிட்டதுதான் என்னை விழுத்தியது. வாங்கோவன் அப்பா, தனியப் போய்க் கேட்க ஒரு மாதிரி இருக்கு. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை தகப்பனைக் கடைசியாக எங்கே கூப்பிட்டான் என்று யோசித்துப் பார்த்தேன், பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக் கூட்டத்துக்கு, அதுவும் ஆசிரியை எழுதிவிட்டதால். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், சந்திப்பது குளிர்ப்பெட்டிக்கு முன்னால், நீ சாப்பிட்டியா, ஓம், அவ்வளவுதான். நான் முதியோர் இல்லக் குசினியில் காலை வேலை, அவன் மின்சார வேலைக்கு விடியவே போய்விடுவான், பின்னேரம் வந்தால் காதுக்குள் எதையோ செருகிக்கொண்டு அவர்களுடைய பாஷையில் யாரோடோ சிரிப்பான். அந்தச் சிரிப்பு எனக்கு விளங்கும், சொற்கள் விளங்கும், ஏன் சிரிக்கிறான் என்பது மட்டும் விளங்காது. அவனோடு படித்தவர்கள் எல்லாரும் இங்கே கட்டாயமான படைப் பயிற்சிக்குப் போனார்கள், இவனுடைய முழங்காலைப் பார்த்துவிட்டு வைத்தியர் வேண்டாம் என்றுவிட்டார், கதிரை தூக்கவும் தண்ணீர்க் குழாய் இழுக்கவும் சிவில் பாதுகாப்பில் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்தினவன்தான். அவனுக்கு என்ன சொல்லித் தேற்றுவது, துவக்குத் தூக்காமல் போனதற்கு அழுகிற பிள்ளைக்கு நான் என்ன சொல்ல முடியும். கூட்டாளிகள் எல்லாரும் படையில் கொடுத்த துவக்கைக் கொண்டுபோய்ச் சனிக்கிழமைகளில் கழகத்தில் சுடுகிறார்கள், சுட்டுவிட்டுச் சொசேச்சும் பியரும், இவன் மட்டும் யாராவது தந்தால் வாங்கிச் சுடுவது. "இரவல் துவக்கில எத்தினை நாளைக்கு அப்பா?" என்று என்னிடம் கேட்டான். அவன் தாய் சுகந்தி வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள், கத்தியை வைத்துவிட்டு, "இந்த வீட்டுக்குள்ள துவக்கு வந்தா நான் வெளியில," என்றாள். மூன்று நாள் ஒருவரோடு ஒருவர் பேச்சில்லை. நாலாம் நாள், "நிலவறையில வைச்சுப் பூட்டு, என்ரை கண்ணில காட்டாதை," என்று அவளே இறங்கிவந்தாள், பெற்ற மனம். மாநிலத்திலிருந்து, இங்கே கன்டோன் என்பார்கள், அனுமதிக் கடிதமும் வந்துவிட்டது. கையில் இருக்கிற காசுக்கு ஒன்று, மலிவாக, ஆனால் நம்பிச் சுடக்கூடியதாக. மலிவும் நம்பிக்கையும் ஒரே சாமானில் வேண்டும் என்று கேட்கிறான் பிள்ளை, அவன் வயதில் எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள்.

தொலைபேசியில் கேள்விகள் எழுதிக்கொண்டு வந்திருக்கிறான், ஒவ்வொன்றாகக் கேட்கிறான், எத்தனை ஆயிரம் சுட்டது, குழல் மாற்றியதா, மகசின் எத்தனை வரும். திருமதி கேர்பருக்கு ஒன்றும் தெரியவில்லை, தெரியாததை மறைக்கவும் தெரியவில்லை. "என் மனுசன் இதைத்தான் எப்போதும் கொண்டுபோவார்," என்று ஓரத்தில் கிடந்த மூன்றாவதைத் தொட்டுக் காட்டுகிறார், "கடைசிக் காலத்தில் கீழே இருந்து தானே இதைத் திருத்துவார், மணிக்கணக்காக, சாப்பிடக் கூப்பிட்டாலும் வர மாட்டார்." தானே திருத்துவார். சரி. எத்தனையோ மனிசர் வீட்டில் தாங்களே எதையாவது திருத்துகிறார்கள், அதற்கென்ன, கேக்கைச் சாப்பிடு. நானும் ஏதாவது கேட்க வேண்டும், ஒன்றும் கேட்காமல் இருந்தால் அதுவும் பிழை, தெரியாதவன் என்ன கேட்பான், "இது பாரமோ?" என்று கேட்டேன். அபிஷன் சிரித்தான். திருமதி கேர்பரும் சிரித்தார், "நீங்கள் ஒருநாளும் கையில் எடுத்ததில்லையா?" இல்லை என்றேன். இந்த இல்லை எனக்குப் பழைய ஆள். அகதி விசாரணை அறையில், நீட்டு மேசை, அந்தப் பக்கம் ஓர் அதிகாரி, இந்தப் பக்கம் மொழிபெயர்க்க இந்தியாக்கார அக்கா ஒருவர், "நீங்க எப்பவாவது துப்பாக்கி வச்சிருந்தீங்களா?" என்று கேட்டா. துப்பாக்கி என்று அவ சொன்னபோது அது ஏதோ வேறு சாமான்போல இருந்தது, நாங்கள் துவக்கு என்போம், அந்த ஒரு கணம் நான் யோசித்தது பொய்யைப் பற்றி அல்ல, அந்தச் சொல்லைப் பற்றி. இல்லை, என்றேன். அங்கே என்ன வேலை? சைக்கிள் திருத்தினனான். அது முழுப்பொய் இல்லை, அப்பருக்குச் சைக்கிள் கடைதான், பத்தொன்பது வயதுவரை சைக்கிள்தான் திருத்தினேன். அதற்குப் பிறகு மூன்று வருசத்தை ஒரு சொல்லும் விடாமல் விழுங்கினேன், இருபத்தேழு வருசமாக அது செமிக்கவில்லை. அதைச் சொல்லியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். பிறகு குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தபோதும் அதே சைக்கிள். இப்போது தெரிந்தாலும் ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள், யாரோ சொன்னதை நம்பி வீட்டையும் பிள்ளையையும் பணயம் வைப்பவன் நான் இல்லை.

சுகந்திக்கும் தெரியாது. கலியாணம் பேசி வந்தபோது சைக்கிள் கடைக்காரரின் மகன், வெளிநாட்டில் வேலை, அவ்வளவுதான் சொன்னது. வந்து ஒரு வருசம் கழித்துச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன், பிறகு பிள்ளை பிறந்தான், பிள்ளை கொஞ்சம் வளரட்டும் என்றிருந்தேன், பிறகு கடைசிச் சண்டைக் காலத்தில் அவளுடைய தம்பியை, பதினேழு வயது, வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் பிடித்துக்கொண்டு போனது, பிறகு அந்தப் பெடியனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அன்றைக்கு அவள் இயக்கத்தைத் திட்டின திட்டில் அயல்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்கள். நான் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எந்தக் கையால் பிடிக்கிறேன் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு சொல்ல இடமே இல்லாமல் போய்விட்டது. படுக்கையில் பக்கத்தில் கிடக்கிறவளுக்குச் சொல்ல முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு இருபது வருசத்துக்கு மேல் கிடப்பது தனிய இருப்பதைவிட மோசம், தனிய இருப்பவனாவது வாய்விட்டுப் புலம்பலாம்.

அபிஷன் முதலாவதை எடுக்கிறான். நான் யன்னலைப் பார்க்கிறேன், பனிக்காலம் முடிந்து புல் தலைகாட்டுகிறது, ஒரு பூனை வேலியோரம் போகிறது, நான் பூனையைத்தான் பார்க்கிறேன். அவன் பூட்டைப் பின்னுக்கு இழுத்து விடுகிறான். கிளக்-டிக். நல்லது. என் கண் மூடிவிட்டது, நான் மூடவில்லை, அது தானே மூடுகிறது, குசினியில் கோப்பை கழுவுகிற மெஷின் முன்னால் நின்றாலும் இப்படித்தான், பொறுப்பாளர் மற்றவர்களுக்குச் சொல்லுவார், இந்த மனிசன் கண்ணை மூடினால் மெஷினில் ஏதோ பழுது, ஆளைக் கூப்பிடு. கண்ணைத் திறந்துகொண்டேன். முதலாவது விலை கூட, குழல் புதிது. வைத்துவிட்டு இரண்டாவதை எடுக்கிறான், கிளக்-டிக், தோளில் வைக்கிற கட்டையில் ஒரு வெடிப்பு இருக்கிறது, அது பரவாயில்லை, இரண்டாவது சத்தம் தெளிவாக வருகிறது. வாங்கடா ராசா, இதை வாங்கு, கையில் இருக்கிற காசுக்கு இது போதும், ஒரு முப்பது வருசத்துக்கு உன்னை ஒன்றும் செய்யாது. வாய்க்குள் கேக் இருந்தது, நல்லகாலம். பிறகு மூன்றாவதை எடுத்தான், கேர்பர் அவர்களின் செல்லத் துவக்கை, எண்ணெய் போட்டுத் துடைத்து மினுங்குகிறது, பின்னுக்கு இழுத்தான், விட்டான். கிளக். நான் காத்திருந்தேன். வரவில்லை.

ஒருவேளை காது. ஐம்பத்தொரு வயதுக் காது, குசினிச் சத்தத்தில் கிடந்து மரத்துப்போனது. இன்னொருமுறை இழு தம்பி. அவன் இழுத்தான், அவனுக்கு அந்த இழுவை பிடித்திருக்கிறது, மற்ற இரண்டையும்விட இலேசாக வருகிறது என்று திருமதி கேர்பருக்குச் சொல்கிறான், வழுக்கிக்கொண்டு வருகிறது என்கிறான். கிளக். ஒன்றுதான். வழுக்கிக்கொண்டுதான் வரும் மகனே, தேய்ந்தது எல்லாம் வழுக்கும். முதல் சத்தம் இரும்பு இரும்பில் முட்டுவது, அது எல்லாருக்கும் கேட்கும். இரண்டாவது, உள்ளே கிடக்கிற இரண்டு குட்டி உருளைகள் தங்கள் குழிக்குள் போய்க் குந்துகிற சத்தம், அது கேட்டால்தான் பூட்டு விழுந்தது. உருளை தேய்ந்தால் அந்தச் சத்தம் வராது, பூட்டு முழுக்க விழாது, ஆனால் துவக்கு வெடிக்கும், வெடிக்காமல் இருந்தால் எவ்வளவு நல்லது, பத்துத் தரம் வெடிக்கும், நூறு தரம் வெடிக்கும், ஒருநாள் பூட்டுப் பின்னுக்குத் திறந்துகொண்டு முழுவதும் முகத்துக்கு வரும். முகத்தை எங்கே வைத்துக்கொண்டு சுடுவான் என்று உனக்குத் தெரியும் தம்பி, கன்னம் கட்டையில் ஒட்டியிருக்கும். அந்த மனிசன் கீழே இருந்து மணிக்கணக்காகத் திருத்தியது இதைத்தான், எதையோ மாற்றிப் போட்டிருக்கிறார், அல்லது போடவேண்டியதைப் போடாமல் விட்டிருக்கிறார், வயது போனால் கை நடுங்கும், பாவம் மனிசன், அதிஷ்டம் இருந்து படுக்கையில் செத்துவிட்டார்.

எங்களுடைய பட்டறை முத்தையன்கட்டுக் காட்டுக்குள், மேலே ஓலை, ஓலைக்கு மேலே சாக்கு, சாக்குக்கு மேலே கொப்பு, விமானத்துக்குத் தெரியாமல், அதனால் மத்தியானத்திலும் உள்ளே இருட்டு. கண்ணால் பார்த்துத் திருத்த முடியாது, காதாலும் பெருவிரலாலும்தான். இதே உருளை, இதே வேலை, நாடு வேறு பேர் வேறு, ஆமியிடம் எடுத்த ஜி-3. மாஸ்டர் என்று நாங்கள் கூப்பிட்ட பொறுப்பாளர் வாசலில் நிற்பார், ஒருவன் திருத்தி மூடிக் காட்ட வேண்டும், அவர் வெளியே நின்று கேட்பார், இரண்டு சத்தமும் கேட்டால் "சரி" என்பார், கேட்காவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார், சும்மா நிற்பார். அந்தச் சும்மா நிற்பதற்கு எல்லாரும் பயம். ஒருநாள் அவர் இல்லை, காய்ச்சல். இருபத்தெட்டுத் துவக்கு பின்னேரத்துக்குள் போக வேண்டும், மாற்றிப் போட உருளை முடிந்துவிட்டது, ஒன்றே ஒன்றில் சத்தம் குறைவு, வருகிறமாதிரியும் இருந்தது வராதமாதிரியும் இருந்தது. எடுக்க வந்தவன் செம்பியன், என் வயதுதான், வவுனிக்குளத்துப் பக்கம், சிரித்தால் பல்லோடு முரசும் முழுக்கத் தெரியும். "மச்சான், இது அடிக்குமோடா?" என்று கேட்டான். நான் இன்னொருமுறை மூடிப் பார்த்தேன். "அடிக்கும்," என்றேன். ஓம், அடிக்கும் என்றுதான் சொன்னேன், நம்பலாம் என்று சொல்லவில்லை, இருபத்தொன்பது வருசமாக இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் நின்று வழக்காடுகிறேன், நீதிபதியும் நான், பிரக்கிராசியும் நான். செம்பியன் வரவில்லை. அன்றைக்கு எத்தனையோ பேர் வரவில்லை, செல் விழுந்திருக்கும், ஆமி சுட்டிருக்கும், எப்படிச் செத்தான் என்று கண்ட ஒருவரும் திரும்பவில்லை, கேட்க ஆளில்லை. இயக்கத்தை விட்டுப் போகப்போகிறேன் என்று சொன்னேன், ஆறு மாதம் பங்கர் வெட்டவிட்டுப் போகவிட்டார்கள். பங்கர் வெட்டினது சுகமாக இருந்தது, மண்ணுக்குச் சத்தம் இல்லை.

திருமதி கேர்பர் விலையைக் குறைக்கிறார். இல்லை, குறைக்காதேங்கோ அம்மா, கூட்டுங்கோ. "இந்தப் பிள்ளைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று என் மனுசன் இருந்திருந்தால் சொல்லியிருப்பார், இவன் எப்படி மரியாதையாகப் பிடிக்கிறான் பாருங்கள்," என்று என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு, இரண்டாவதை விடக் குறைத்து, கிட்டத்தட்ட சும்மா கொடுக்கிறமாதிரி ஒரு விலை சொல்கிறார், கண் கலங்கியிருக்கிறது. அபிஷனுடைய முகம் வெளித்துவிட்டது. அந்த வெளிச்சத்தை நான் எத்தனை வருசமாகப் பார்க்கவில்லை. இருக்கட்டும், வாங்கட்டும், வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு எப்படியாவது, நிலவறைத் திறப்பை நான் தொலைத்துவிடலாம், இல்லை, சனிக்கிழமையே சுடப் போவான். கழகத்தில் யாராவது பார்ப்பார்கள், பழைய ஆட்கள், அவர்களுக்குத் தெரியாதா, கேர்பர் நாற்பது வருசம் சுட்டவர், அவர் துவக்கை யார் திறந்து பார்க்கப்போகிறான். துவக்குத் திருத்துபவரிடம் காட்டு என்று சொல்லலாம், எல்லாத் தகப்பனும் சொல்லக்கூடியதுதானே, பழைய கார் வாங்கினால் கராஜில் காட்டு என்று சொல்வதில்லையா. "தம்பி, வாங்க முதல் ஆரிட்டையும் காட்டுவம்," என்று மெதுவாகச் சொன்னேன். "அது தேவையில்லை அப்பா, அவர் ஒவ்வொரு கிழமையும் சுட்டது." "இருந்தாலும்." "அப்பா, நீங்கள் எல்லாத்துக்கும் பயம்." சொல்லிவிட்டு என்னுடைய முழங்கையைத் தட்டினான், கோபமில்லை, அன்பாகத்தான், வயதுபோன ஆட்களைத் தட்டுகிறமாதிரி. எல்லாத்துக்கும் பயம், ஓம், நீச்சல் பழகப் பயம், பனிச்சறுக்குக்குப் பயம், பொலிசுக்காரன் வழி கேட்டாலும் பயம், அவன் வளர்ந்தது அந்தப் பயத்தைப் பார்த்துத்தான். இப்போது உண்மையாகவே ஓநாய் வந்திருக்கிறது, என் சத்தத்துக்கு மதிப்பில்லை.

"நீங்களும் பாருங்கள், தகப்பனும் பார்க்கத்தானே வேண்டும்," என்று திருமதி கேர்பர் அதைத் தூக்கி என்னிடம் நீட்டினார். வாங்காமல் விட வழியில்லை. கூட்டுகிற தும்புத்தடியைப் பிடிக்கிறமாதிரிப் பிடி, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், நடுவில் பிடி, இரண்டு கையும் ஒரே பக்கம், ஐயோ பாரம் என்று சிரி, திருப்பிக் கொடு. கை நீட்டியதுவரை எனக்கு ஞாபகம். அந்த இரும்பின் குளிர் உள்ளங்கையில் பட்டது, எண்ணெய் மணம், பிறகு நான் பார்க்கும்போது மகசின் கழன்று மேசையில் இருந்தது, குழல் யன்னல் பக்கம் யாருமில்லாத திசைக்குத் திரும்பியிருந்தது, பூட்டுப் பின்னால் நின்றது, என் சின்ன விரல் உள்ளே போய்க் குண்டு இல்லை என்று பார்த்துவிட்டு வெளியே வந்திருந்தது, பெருவிரல் பக்கவாட்டில் உருளை இருக்கிற இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம், மூன்று விநாடி இருக்குமா. இருபத்தேழு வருசம் கட்டிக் காத்த சைக்கிள் கடை மூன்று விநாடியில் போச்சு. தடவின இடத்தில் உருளை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது, காது பொய் சொல்லவில்லை. வேறென்ன வேண்டும், என் காது நல்ல காது, என் கை நல்ல கை, அதற்காகத்தான் அவர்கள் என்னைச் சைக்கிள் கடையிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். திருமதி கேர்பர் ஒன்றையும் கவனிக்கவில்லை, கோப்பிச் சாடியில் இன்னும் இருக்கிறதா என்று திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அபிஷன் கவனித்தான். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தான்.

"வேண்டாம், இதை வை," என்றேன், தமிழில். "ஏன்?" இப்போதும் தப்பலாம், படத்தில் பார்த்தேன், முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் காட்டித் தந்தார், எத்தனை பொய் வரிசையில் நிற்கிறது, எல்லாம் நல்ல பொய்கள், உயிரைக் காப்பாற்றக் கூடியவை. ஆனால் பொய்யான வாயால் சொன்ன எச்சரிக்கையை அவன் நம்புவானா, வேண்டாம் என்று என் காலத்தில் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறேன், ஒன்றுக்கும் காரணம் சொன்னதில்லை. செம்பியனுக்கு இன்னும் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் போதும், அவன் வேறு துவக்கை எடுத்திருப்பான். வாயைத் திறந்தேன், குரல் எனக்கே பிறத்தியாருடைய குரல்போல இருந்தது. "உள்ளுக்கை ரெண்டு உருளை இருக்கு. ஒண்டு தேஞ்சு போச்சு. பூட்டு விழாமலே வெடிக்கும். எப்பெண்டு தெரியாது, ஒருநாளைக்கு உன்ரை முகத்துக்கு வரும். மற்ற ரெண்டையும் மூடிப் பார், ரெண்டு சத்தம் கேக்கும், இதுக்கு ஒண்டுதான்." அவன் இரண்டாவதை எடுத்து மூடினான். கிளக்-டிக். என்னிடமிருந்து இதை வாங்கி மூடினான். கிளக். இன்னொருமுறை மூடினான், தலையைச் சரித்துக் கேட்டான், பட்டறையில் நான் கேட்கிறமாதிரியே. "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" கோபமாகக் கேட்கவில்லை, மெதுவாகத்தான். "திருத்தினனான்." "இதையோ?" "இது மாதிரி. நிறைய." "எங்கை?" எல்லாம் இருந்தபடியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன, கேக், விரிப்பு, சுவரில் கேர்பர் அவர்கள் கிண்ணத்தோடு நிற்கிற படம். "இயக்கத்தில," என்றேன். அந்தச் சொல்லை அவன் வீட்டில் எப்போதும் தாயின் வாயில்தான் கேட்டிருக்கிறான், அழுகையோடும் திட்டோடும். அவன் கண் ஒருமுறை என் முகத்துக்கு வந்தது, திரும்பிப் போனது. போய்விட்டான் என்று நினைத்தேன். இருந்த ஒரு பிள்ளையும் போய்விட்டான்.

திருமதி கேர்பர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், விளங்காத பாஷையில் பேசுபவர்களைப் பார்க்கிற அந்தப் பொறுமையான சிரிப்பு, அதை நான் இந்த நாட்டில் எத்தனையோ இடத்தில் சிரித்திருக்கிறேன். "தகப்பனுக்குப் பிடிக்கவில்லையா?" என்று கேட்டார். அபிஷன் அவர் பக்கம் திரும்பினான். இவன் ஒரு தரிப்பிடத் தூரத்துக்கும் ரயில் சீட்டு வாங்குகிற பிள்ளை, சின்ன வயதில் கோப்பையை உடைத்தால் யாரும் காணமுதல் ஓடி வந்து சொல்லுவான், இவனுக்குப் பொய் வராது, இப்போது சொல்லப்போகிறான், என் தகப்பன் அங்கே இப்படி இருந்தவராம் என்று, நான் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "நான் ஒன்று கவனித்தேன் திருமதி கேர்பர்," என்றான், அவர்களுடைய பாஷையில், தடங்கலில்லாமல், "இதை மூடும்போது ஒரு சத்தம் குறைகிறது. நான் வாசித்திருக்கிறேன், உள்ளே ஓர் உருளை தேய்ந்தால் இப்படி வரும். இதை யாரும் சுடக் கூடாது. துவக்குத் திருத்துபவர் பார்க்கும்வரை யாருக்கும் கொடுக்காதீர்கள், நானே கொண்டுபோய்க் காட்டி வருகிறேன். அப்பாவுக்கு இதுகள் ஒன்றும் தெரியாது, அவருக்கு அதைத்தான் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன்." கண் இமைக்கவில்லை. மனுசி வாயைப் பொத்திக்கொண்டார், "அவர் போன இலையுதிர் காலம்வரை இதில் சுட்டாரே," என்றார், பிறகு என் மகனின் கையைப் பிடித்து, எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை, எவ்வளவு நல்ல காது, என்று என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன். இரண்டாவதை எடுத்துக்கொள்கிறோம் என்று அபிஷன் சொன்னான், ஒப்பந்தக் கடுதாசியை ஓர் எழுத்தும் வெட்டாமல் நிரப்பினான். நான் அந்த விசாரணை அறையில் எப்படி இருந்தேனோ அப்படியே இருந்தான், ஒருவரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை வந்ததும் அழுகை வந்தது, கேக்கைக் குனிந்து சாப்பிட்டேன். இத்தனை வருசத்துக்குப் பிறகு எனக்கென்று ஓர் ஆள் கிடைத்துவிட்டான், இனி அவனும் தாயின் முகத்தைப் பார்த்துச் சைக்கிள் என்று சொல்ல வேண்டும்.

வாசலில் சப்பாத்துப் போடுகிற வாங்கில் இருவரும் இருந்தோம். திருமதி கேர்பர் மிச்சக் கேக்கைத் தாளில் சுற்ற உள்ளே போயிருந்தார். எத்தனை வருசம், என்ன செய்தீர்கள், யாரைக் கொன்றீர்கள் என்று அபிஷன் கேட்பான் என்று காத்திருந்தேன். ஒரு காலுக்குப் போட்டான், மற்றக் காலுக்குப் போட்டான், கயிற்றை இழுத்துக் கட்டினான். நிமிரவில்லை.

"அப்பா," என்றான், "அம்மாட்டை இதைச் சொல்லிப்போடாதேங்கோ."